பழைய பள்ளி வண்டியை வீடாக மாற்ற முடியுமா? ஆர்.சி. புத்தகம் முதல் கேஸ் சிலிண்டர் வரை... வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மே மாதம் வந்தால் தமிழ்நாடு முழுக்க மைதானங்களில் மஞ்சள் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்ப்பார்கள் அதிகாரிகள். அவசரக் கதவு திறக்கிறதா, தரைப் பலகை உறுதியாக இருக்கிறதா, தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா, படிக்கட்டு உயரம் சரியா என்று சோதனை நடக்கும். விருதுநகர் மாவட்டமும் இதற்கு விலக்கில்லை.

இந்தச் சோதனையில் ஆண்டுதோறும் செலவு வைக்கும் வண்டியைப் பள்ளி நிர்வாகம் ஒருநாள் விற்றுவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கே போகும்? பட்டாசு ஆலைக்கோ, அச்சகத்துக்கோ ஆள் ஏற்றும் வண்டியாகலாம். காயலான் கடைக்குப் போகலாம். யூடியூப் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு ஆசையும் சேர்ந்திருக்கிறது. "சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு கட்டில், அடுப்பு, பாத்ரூம் வைத்தால் வீடு ரெடி. குடும்பத்தோடு கிளம்பிவிடலாமே!"

ஆசைக்குப் பொருத்தமான இடம்தான் சூலக்கரை. விருதுநகருக்குத் தெற்கே, காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ன் ஓரத்தில் இருக்கும் ஊர். ரோட்டில் ஏறினால் வடக்கே மதுரை, தெற்கே குமரி. ஆனால், ஒரு பழைய பள்ளி வண்டி இந்த ரோட்டில் வீடாக ஓட வேண்டுமென்றால் கட்டிலும் அடுப்பும் போதுமா? போதாது. முதல் வேலை பட்டறையில் இல்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறம் என்று 1939-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் முடிவானது. அதே 1939-ல் தயாரான ஒரு பள்ளிப் பேருந்தை 1964-ல் எழுத்தாளர் கென் கேசி வாங்கினார். முந்தைய உரிமையாளர் தன் பெரிய குடும்பத்துக்காக ஏற்கெனவே அதில் கட்டில்களும் சமையலறையும் அமைத்திருந்தார். கேசியும் நண்பர்களும் அதற்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைப் பூசி, கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிப் போனார்கள். பள்ளி வண்டியை வீடாக்குவது அங்கே இன்று தனிக் கலாசாரமாகவே வளர்ந்துவிட்டது.

நமக்கு அருகிலும் ஒரு பிரபல உதாரணம் உண்டு. 1982-ல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி.ராமராவ், பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக மாற்றி, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டார். ஆந்திரம் முழுக்க மாதக்கணக்கில் சுற்றிய அந்த வண்டிதான் அவருக்கு மேடை, ஓய்வறை எல்லாமே. ஓட்டியவர் அவரது மகன் ஹரிகிருஷ்ணா. 1983 ஜனவரியில் ராமராவ் முதல்வர் ஆனார். மற்றபடி, நம் ஊரில் 'கேரவன்' என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறிப்போகும் அளவுக்கு வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2019 ஜனவரி 9-ல், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் தெளிவாக்கியது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.

பெயின்ட் அடிப்பது, திரைச்சீலை மாட்டுவது போன்றவை வேறு. 40 பேர் உட்காரும் வண்டியை 4 பேர் தூங்கும் வண்டியாக மாற்றுவது வேறு. இரண்டாவதில் இருக்கை எண்ணிக்கை, பாடியின் வகை, பயன்பாடு, எடை என்று ஆர்.சி.யின் பல கட்டங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன.

அப்படியானால் இந்தியாவில் கேரவனே கூடாதா? கூடும். 'மோட்டார் கேரவன்' என்பதே சட்டம் அங்கீகரித்த வாகன வகைதான். அதற்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. இருக்கையும் மேசையும், தூங்கும் வசதி, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் வசதி ஆகிய நான்கும் வண்டிக்குள் இருந்தால்தான் அது கேரவன். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்றவை வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள்.

சிக்கல் இங்கேதான். இந்தச் சான்று முறை பெரும்பாலும் கேரவன் கட்டித் தரும் நிறுவனங்களை மனதில் வைத்து உருவானது. அவர்கள் ஒரு மாதிரியைக் கட்டி, சோதனையில் தேறவைத்து, அதே மாதிரியில் அடுத்தடுத்த வண்டிகளைக் கட்டுவார்கள். அதனால்தான் முறையாகப் பதிவான கேரவன்கள் பெரும்பாலும் புதிய வண்டியில் கட்டப்பட்டவையாக இருக்கின்றன. 12 வருஷம் ஓடிய ஒரே ஒரு பள்ளி வண்டியை வைத்திருப்பவருக்கு இந்தப் பாதை எளிதல்ல.

எனவே வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, 'இந்த எண்ணுள்ள வண்டியை கேரவனாக மாற்ற அனுமதி கிடைக்குமா, என்னென்ன சான்று வேண்டும்' என்று பதிவு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்ற புரோக்கர் வாக்கு பின்னால் உதவாது. மாற்றத்தைச் சொல்லாமல் பழைய விவரத்திலேயே இன்சூரன்ஸ் எடுத்து ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

எந்த வண்டியை வாங்கலாம்?

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, டயர் புதுசு, அப்படியே ஓட்டிட்டுப் போகலாம்." பழைய வண்டி விற்கும் இடத்தில் வழக்கமாகக் கேட்கும் வசனம் இது. வீடாக மாற்ற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இன்ஜினைப் பற்றி அல்ல. ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா? வரி பாக்கி, கடன் பாக்கி உண்டா? எஃப்.சி. எப்போது முடிகிறது?

பள்ளி வண்டி போக்குவரத்து வாகன வகையில் வருகிறது. வயது 8 ஆண்டைத் தாண்டிவிட்டால் எஃப்.சி.யை ஒவ்வோர் ஆண்டும் எடுக்க வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய கனரக வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு பல மடங்கு உயர்த்தியது. பதிவு ரத்தாகி ஸ்கிராப்புக்கு விலைபேசப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது.

ஓட்டுநர் உரிமத்தையும் பார்க்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. பெரிய பள்ளிப் பேருந்து இந்த வரம்பைத் தாண்டும். அதற்குக் கனரக லைசென்ஸ் வேண்டும். கார் ஓட்டத் தெரியும் என்பதால் பஸ்ஸையும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

2012 ஜூலை 25. சென்னை தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளி வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து 6 வயது சிறுமி உயிரிழந்தாள். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம். சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டே கொண்டுவந்தது. மே மாதத்தில் அதிகாரிகள் தரையைத் தட்டிப் பார்ப்பதன் பின்னணி அதுதான்.

வீடாக்க நினைப்பவரும் அதே தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே ரெக்ஸின் விரிப்பு, அதற்குக் கீழே பிளைவுட், அதற்கும் கீழே இரும்புச் சட்டங்கள். தினமும் கழுவிய தண்ணீரும் மழைநீரும் விரிப்புக்கு அடியில் இறங்கித் தங்கியிருக்கும். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், கீழே துரு தின்றிருக்கும். விரிப்பைக் கிழித்து, பலகையைத் தூக்கி, சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால், அந்த வண்டியில் முதல் செலவு கட்டிலுக்கு அல்ல, வெல்டிங்குக்குத்தான். சக்கர வளைவு, படிக்கட்டு ஓரம், பின்பக்க அவசரக் கதவின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றிலும்தான் துரு முதலில் தொடங்கும்.

பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்போன ஊர் கரூர். அங்கே வேலை பார்த்த அனுபவமுள்ள டிங்கர் ஒருவரை வாங்கும் முன்பே அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் ஓட்டை உடசல் எல்லாம் மறைந்துவிடும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

சீட்டைக் கழற்றினால் எடை குறையுமே?

குறையும். ஆனால், வீட்டுச் சாமான் அதைவிட வேகமாக ஏறும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஆளுக்கு 30 கிலோ என்று வைத்தால் 40 குழந்தைகளின் எடை 1,200 கிலோ. இப்போது வீட்டைப் பார்ப்போம். 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 300 கிலோ. 18 மி.மீ. கனமுள்ள 8-க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. கட்டில், அலமாரி, சமையல் மேடை எல்லாவற்றுக்கும் 15 பலகை பிடித்தால் 450 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். ஃபிரிட்ஜ், ஏசி, சோலார் பேனல், மெத்தை, துணிமணி, ஆட்கள் இன்னும் கணக்கில் வரவில்லை.

மொத்த எடையை விட முக்கியமானது, அது எங்கே உட்காருகிறது என்பது. குழந்தைகள் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் சமையல் மேடை, தொட்டி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் வண்டி அந்தப் பக்கம் சாயும். கூரையில் கேரியர் கட்டி ஏற்றினால் வளைவில் ஆட்டம் கொடுக்கும். எனவே கனமானவை கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். தொட்டிக்குள் தடுப்பு இல்லையென்றால் பிரேக் போடும்போது 300 கிலோ தண்ணீரும் முன்னால் பாயும். வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

விருதுநகர் வெயிலில் உள்ளே தூங்க முடியுமா?

கரிசல் பூமி. சித்திரை, வைகாசியில் இரும்புப் பெட்டிக்குள் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'ஏசி போட்டால் போச்சு' என்பது பலரின் பதில். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் இருக்கும் மின்சாரம் 1,800 வாட் மணி. அதாவது 1.8 யூனிட். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். எனவே கைக்குக் கிடைப்பது 900 வாட் மணி. ஒரு டன் ஏசி 1,200 வாட் இழுத்தால், முக்கால் மணி நேரத்தில் கதை முடிந்தது. அதே மின்சாரத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று 30 மணி நேரம் ஓடும்.

ஆகவே முதலில் சூடு உள்ளே வராமல் தடுக்க வேண்டும், பிறகுதான் ஏசியைப் பற்றி யோசிக்க வேண்டும். கூரைக்கு வெள்ளை பெயின்ட், தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே தெர்மோகோல் அல்லது ஃபோம் அடுக்கு, ஜன்னல்களுக்கு வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் விரிப்பு, சூடான காற்றை மேலே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். எப்படியும் 'பள்ளி வாகனம்' என்ற எழுத்தும் பள்ளியின் பெயரும் அழிய வேண்டியவைதான். மஞ்சளை மாற்றும்போது வெள்ளையாகவே மாற்றிவிடலாம். ஆனால், நிற மாற்றமும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. கூரைக்கும் தரைக்கும் சேர்த்து 3 அங்குலம் அடுக்கு போட்டால் நிற்கும் உயரம் 3 அங்குலம் குறையும். வீட்டில் உயரமானவரை முதலில் உள்ளே நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடுப்பு: கேஸா, கரண்டா?

தீயைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மதுரையில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் தங்கியிருந்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. 9 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பெட்டி அப்போது ஓடக்கூட இல்லை, நின்றுகொண்டிருந்தது.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். வீட்டில் என்றால் கதவிடுக்கு வழியாக வெளியேற வாய்ப்புண்டு. நாலாப்பக்கமும் அடைத்த வண்டியில், கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். கேஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் சிலிண்டர் தனி அறையில், உள்ளிருந்து முழுக்க மூடப்பட்டு, அடிப்பகுதியில் வெளியே காற்றுப்போக்கு உள்ளதாக இருக்க வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு பாதுகாப்பானது. 1,500 வாட்டில் 20 நிமிடம் சமைத்தால் அரை யூனிட்தான் செலவு. அந்தப் பளுவைத் தாங்கும் இன்வெர்ட்டரும், சரியான கனத்தில் ஒயரும், ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸும் இருந்தால் போதும்.

பள்ளி வண்டியில் இருக்கும் பெரிய நன்மை அவசரக் கதவு. வீடாக்கும்போது பலர் முதலில் மறைப்பதும் அதைத்தான், ஏனென்றால் கட்டில் போட வசதியான இடம் அது. அந்தக் கதவை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தூங்கும் இடத்திலிருந்து இருட்டிலும் கை எட்டும் தூரத்தில் ஒரு வழி இருக்க வேண்டும். தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். தீபாவளி சீசனில் சிவகாசிப் பக்கம் வருபவர்கள் பட்டாசு வாங்காமல் போக மாட்டார்கள். அடுப்பும் பேட்டரியும் உள்ள வண்டிக்குள் பட்டாசை வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது.

ஓடாமல் நின்றாலும் வீடுதானே?

இதற்கு மூணாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில், பழைய பேருந்துக்குள் 16 படுக்கைகளை அமைத்து மூணாறு டிப்போவிலேயே நிறுத்தியது. ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு 100 ரூபாய். கழிப்பறைக்கு டிப்போவில் இருப்பதையே பயன்படுத்தினார்கள். வண்டி எங்கும் போகவில்லை, ஆனால் படுக்க இடம் தேடி வந்தவர்களுக்குப் பயன்பட்டது. வரவேற்பைப் பார்த்து மேலும் பேருந்துகள் சேர்க்கப்பட்டன.

ஓடாத வண்டிக்கு எஃப்.சி., மொத்த எடை, கனரக லைசென்ஸ் எதுவும் தலைவலி இல்லை. தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றையும் நிலத்திலிருந்தே இணைத்துக்கொள்ளலாம். சூலக்கரை போல நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்த இடம் வைத்திருப்பவர், பதிவை முறைப்படி ரத்து செய்துவிட்டு, டீசலை வடித்து, சேசிஸுக்கு அடியில் உறுதியான தாங்கிகள் கொடுத்து நிறுத்தினால் ஓர் அறை கிடைத்துவிடும். வண்டியின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் நீளப் பக்கத்தில் நேராக அடிக்காது. வாடகைக்கோ கடைக்கோ என்றால் உள்ளாட்சி அனுமதியும் வாங்க வேண்டும்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

ஓட வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கான வரிசை இது. முதலில் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் பதில். அடுத்து ஆர்.சி., வரி, எஃப்.சி. சரிபார்ப்பு. மூன்றாவது, தரையைத் திறந்து துரு சோதனை. நான்காவது, எடையும் இடமும் குறித்த வரைபடம். ஐந்தாவது, மின்சாரமும் வெளியேறும் வழியும். கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் கடைசியில்.

பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரைச்சீலையில் தொடங்கி, சேமிப்பெல்லாம் உள்ளே போட்ட பிறகு ஆர்.டி.ஓ. வாசலில் வந்து நிற்கிறார்கள். அங்கே 'முடியாது' என்ற பதில் வந்தால் நஷ்டம் முழுக்க அவர்களுக்குத்தான். அதே பதில் முதல் நாளே வந்திருந்தால், செலவு ஒரு மனுவோடு முடிந்திருக்கும்.